மாறனுக்கு அணி பூட்டிய கவிராயர்

தண்பொருநைக் கரையில் நம்மாழ்வார் திருவவதாரம் செய்தருளிய ஆழ்வார்திருநகரியிலே, 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் திருக்குருகைப் பெருமாள் கவிராயர். ஆழ்வாரின் திருவடிகளையே புகலாகக் கொண்ட இலக்கணப் பெரும்புலவர்.

அந்நாளில் அணியிலக்கணம் பயில்வோர்க்குத் தண்டியலங்காரமே கைந்நூல். அதன் உதாரணச் செய்யுள்களிற் பல சோழ மன்னரைப் பாடுவன. வீரசோழியமோ பெயரிலேயே அரசனைத் தாங்கியது. உவமை கற்கும் மாணாக்கனின் நா மண்ணாளும் வேந்தனைப் போற்றுவானேன்? கவிராயர் ஆழ்வாரின் திருநாமமாகிய மாறன் என்பதையே சூட்டி மாறனலங்காரம் இயற்றினார். உதாரணச் செய்யுள்களில் ஆழ்வாரும் திருமாலும் திவ்யதேசங்களும் நிறைந்தனர். தண்டியாசிரியர் 35 என வகுத்த பொருளணிகள் இங்கே 64 ஆயின.

அணி புலவர்க்கு மட்டும் உரியதன்று. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி ஏறும் அடியார்கள் காணும் மஞ்சினையே கொள்க. மஞ்சு வெண்பட்டுப் போன்றது என்பது உவமை. மஞ்சாகிய வெண்பட்டு என இரண்டையும் ஒன்றாக்குவது உருவகம். இயல்பாக மலையிறங்கும் மஞ்சு எம்பெருமானைச் சேவிக்க வருகிறதெனக் கவி தன் கருத்தை அதன்மேல் ஏற்றுவது தற்குறிப்பேற்றம். சொல்லணியிற் சித்திரகவிகளும் உள. அவற்றை விளக்கத் தனி மலரே வேண்டும்.

அகப்பொருளுக்கு மாறனகப்பொருள், பாவினங்களுக்கு மாறன் பாப்பாவினம், தலத்தின் பெருமைக்குக் குருகாமான்மியம் என இவர் பணி விரிந்தது. தென்திருப்பேரைக் காரிரத்தின கவிராயர் மாறனலங்காரத்துக்கு உரை வகுத்தார். ஏட்டுச்சுவடியாய் இருந்த அந்நூல் உரையுடன் 1915-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வாயிலாக அச்சேறியது.