வோல்டேஜ் கருவியை எங்கே வைப்பது? 'மனித கம்ப்யூட்டர்' எடித் கிளார்க் போட்ட கணக்கு

ஒரு முனையில் அணை, இன்னொரு முனையில் நகரம். நடுவில் 400 கி.மீ. நீளத்துக்கு உயர் அழுத்த மின்பாதை. நள்ளிரவில் லோடு குறைந்தால் நகரத்து முனையில் வோல்டேஜ், அணையிலிருந்து அனுப்பிய அளவையே தாண்டி ஏறும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தால் சரியும். இதைச் சமாளிக்க வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் கருவி வேண்டும். அதை பாதையில் எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது?

1920-களில் அமெரிக்க மின் பொறியாளர்களின் பெரிய தலைவலி இது. இந்த வகைக் கணக்குகளுக்கு வழி சொன்னவர்களில் ஒருவர், கம்ப்யூட்டராக வேலை பார்த்த பெண். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம் இல்லை. பென்சிலும் ஸ்லைடு ரூலும் வைத்துக் கணக்குப் போடும் ஆள்.

யார் இந்த எடித் கிளார்க்?

1883-ல் மேரிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதுக்குள் அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். பங்காக வந்த சொத்துப் பணத்தைப் பத்திரமாக வைக்காமல் படிப்பில் போட்டார். வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் படித்து 1908-ல் பட்டம் பெற்றார். சில வருடம் டீச்சர் வேலை. பிறகு ஏடி அண்ட் டி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை. 1919-ல் எம்ஐடியில் மின் பொறியியலில் முதுகலைப் பட்டம். அங்கே அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

பட்டம் கிடைத்தது, இன்ஜினியர் வேலை மட்டும் கிடைக்கல. ஜெனரல் எலெக்ட்ரிக் அவரை எடுத்துக்கொண்டது டர்பைன் பிரிவில், கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக. ஆண் இன்ஜினியர்களுக்கு இருந்த சம்பளமும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. ஓய்வு நேரத்தில் அவர் உருவாக்கியதுதான் 'கிளார்க் கால்குலேட்டர்'. நீண்ட மின்பாதைகளின் சிக்கலான சமன்பாடுகளைப் பழைய முறையைவிட சுமார் 10 மடங்கு வேகமாகத் தீர்க்க உதவிய வரைபடக் கருவி அது. 1921-ல் விண்ணப்பித்து, 1925-ல் காப்புரிமை கிடைத்தது.

அதே 1921-ல் வேலையை விட்டுவிட்டு, துருக்கியின் கான்ஸ்டான்டிநோபிள் மகளிர் கல்லூரிக்கு இயற்பியல் கற்பிக்கப் போய்விட்டார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, அதே ஜெனரல் எலெக்ட்ரிக் அவரை மின் பொறியாளராகவே சேர்த்துக்கொண்டது. அவர் வாழ்க்கையில் காப்புரிமையைவிட பெரிய திருப்பம் இதுதான் என்று சொல்லலாம்.

நடுவில் வைத்தால் என்ன ஆகும்?

ரப்பர் கயிறு கட்டி வண்டி இழுப்பதை நினைத்துப் பாருங்கள். பாரம் கூடக் கூட கயிறு நீளும். ஒரு எல்லை தாண்டினால் வண்டி வராது. மின்பாதையிலும் அப்படித்தான்: ஜெனரேட்டருக்கும் மறுமுனை இயந்திரங்களுக்கும் இடையே உள்ள கோண வித்தியாசம் 90 டிகிரியைத் தாண்டினால், இரண்டும் ஒத்திசைவை இழக்கும்; மின்சாரம் போகும். பாதை நீளமாக நீளமாக இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

சரியாக நடுவில் ஒரு கருவி நின்று வோல்டேஜைத் துளியும் அசையாமல் பிடித்தால், பாதை இரண்டு குட்டிப் பாதைகள் போலாகும். காகிதக் கணக்குப்படி இரண்டு மடங்கு மின்சாரம் அனுப்பலாம். ஆனால் அன்று கையில் இருந்த கருவி சிங்க்ரனஸ் கண்டென்சர் என்ற கனமான சுழலும் இயந்திரம். அதுவே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் உண்மையில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பதைப் பாதையையும் இயந்திரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் தெரியும்.

1926 பிப்ரவரியில் அமெரிக்க மின் பொறியாளர்கள் கழகத்தில் கிளார்க் வாசித்த கட்டுரை இந்த நிலைத்தன்மை எல்லையைப் பற்றியதுதான். மொத்த அமைப்பையும் அதற்குச் சமமான எளிய சர்க்யூட்டாக மாற்றி, எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று கண்டுபிடிக்கும் வழி. அந்த மேடையில் கட்டுரை வாசித்த முதல் பெண்ணும் அவரே.

கணக்கு ஏன் வேகமாக வேண்டும்? 100 துணை மின் நிலையங்களில் 5 இடத்தில் கருவி வைக்க வேண்டும் என்றால், வாய்ப்புகள் மட்டும் 7.5 கோடிக்கு மேல். இன்று அதில் நல்லதைத் தேட மென்பொருள் இருக்கிறது. அன்று ஒவ்வொன்றையும் கையால் போட வேண்டும். அனுபவத்தால் நாலைந்து இடத்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் சரிபார்ப்பதுதான் நடைமுறை.

1943-ல் அவருடைய மின் அமைப்புப் பாடநூலின் முதல் பாகம் வந்தது. 1947-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1959-ல் மறைந்தார்.

மூன்று ஃபேஸ் மின்சாரத்தை ஆல்ஃபா, பீட்டா, ஜீரோ என்று பிரித்துக் கணக்கை எளிதாக்கும் முறைக்கு இன்றும் 'கிளார்க் டிரான்ஸ்ஃபார்ம்' என்றே பெயர். சிங்க்ரனஸ் கண்டென்சரின் வேலையை இப்போது செய்யும் ஸ்டாட்காம் கருவிகளின் கட்டுப்பாட்டில் இந்த முறை பயன்படுகிறது. மேட்லேப் மென்பொருளில் இஇஇ மாணவர்கள் இழுத்துப் போடும் ஒரு பிளாக்கின் பெயரும் அதுதான்.