கட்டம் கட்டமாய்க் கணக்கிட்ட மேதை ரிச்சர்ட் பெல்மன்

கணினியில் தட்டச்சு செய்யும்போது ஒரு சொல்லைப் பிழையாக அடித்துவிட்டால், அதற்கு நெருக்கமான சரியான சொற்களைக் கணினியே நமக்குக் காட்டுகிறது. இரண்டு சொற்கள் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் கணினி எப்படி அறிகிறது? இக்கேள்விக்கான விடையின் வேர், கணினிகள் அரிதாக இருந்த காலத்தில் ஒரு கணித அறிஞர் வகுத்த முறையில் உள்ளது. அவர்தாம் ரிச்சர்ட் பெல்மன்.

பெல்மன் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் புருக்ளின் பகுதியில் சிறிய மளிகைக்கடை நடத்தி வந்தார். 1941இல் புருக்ளின் கல்லூரியில் இளங்கலைப் பட்டமும் 1943இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் கோட்பாட்டு இயற்பியல் பிரிவில் பணியாற்றினார். 1946இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், சாலமன் லெஃப்ஷெட்ஸ் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றார்.

எண் கோட்பாட்டில் பெரும் ஈடுபாடு கொண்ட இவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவே நிலைத்திருக்கலாம். ஆனால், கணிதம் அன்றாட உலகின் சிக்கல்களுக்கும் கைகொடுக்க வேண்டும் எனக் கருதினார். ஆகவே, 1952இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் உள்ள ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் முழுநேரமாகச் சேர்ந்தார்.

அங்கே அவர் ஆராய்ந்தவை, பல கட்டங்களில் முடிவெடுக்க வேண்டிய சிக்கல்கள். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி சிக்காகோவைக் கடக்கிறது என்றால், சிக்காகோவிலிருந்து மீதமுள்ள பாதையும் மிகக் குறுகியதாகவே இருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை அவர் ஒரு கணிதக் கொள்கையாக்கினார். பெரிய சிக்கலைச் சிறு சிக்கல்களாகப் பிரி. ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் தீர். விடையைக் குறித்துவைத்து மீண்டும் பயன்படுத்து. இதுவே டைனமிக் புரோகிராமிங், அதாவது இயங்குநிலைத் திட்டமிடல். இங்கே புரோகிராமிங் என்பது கணினி நிரல் எழுதுவதன்று, திட்டமிடுவதே ஆகும். 1957இல் இதே பெயரில் அவருடைய நூல் வெளிவந்தது.

ஆராய்ச்சி என்ற சொல்லையே வெறுத்த தற்காப்பு அமைச்சர் வில்சனின் கண்ணில் படாதிருக்கவே இப்பெயரைத் தேர்ந்ததாகப் பெல்மன் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். ஆனால், வில்சன் பதவியேற்றது 1953இல். பெல்மன் 1952இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இப்பெயர் இடம்பெற்றுவிட்டது. மேதைகளின் நினைவும் சில வேளைகளில் முன்பின்னாக மாறும் போலும்!

இம்முறையைச் சொற்களின் ஒப்பீட்டிற்குப் பயன்படுத்தியவர்கள் பின்னர் வந்தோர். ஓர் எழுத்தைச் சேர்த்தல், நீக்கல், மாற்றல் ஆகிய செயல்களின் மிகக் குறைந்த எண்ணிக்கையே இரு சொற்களுக்கு இடையிலான தொலைவு என 1965இல் சோவியத் அறிஞர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் வரையறுத்தார். பாடம் என்பதைப் பட்டம் ஆக்க, பா என்பதைப் ப என மாற்றி, ட் என்ற எழுத்தைச் சேர்த்தால் போதும். எனவே தொலைவு 2.

சிறு சொற்களுக்கு இதைக் கண்ணாலேயே கண்டுவிடலாம். ஆனால், பத்து எழுத்துடைய இரு சொற்களைப் பொருத்திப் பார்க்கும் வழிகள் 8 மில்லியனுக்கும் அதிகம். பெல்மன் முறையிலோ 11க்கு 11 என 121 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும். முதல் வரிசையும் முதல் நிரலும் 0, 1, 2 எனத் தொடரும். மற்ற ஒவ்வொரு கட்டமும் மேலே, இடப்பக்கம், மூலைவிட்டம் ஆகிய மூன்று அண்டைக் கட்டங்களை மட்டுமே பார்த்து, மிகக் குறைந்த செலவைத் தேர்ந்துகொள்ளும். கடைசிக் கட்டத்தில் விடை கிடைத்துவிடும். 1970இல் நீடில்மனும் வுன்ஷும் புரதங்களை ஒப்பிட இத்தகைய அட்டவணையையே பயன்படுத்தினர். 1974இல் வாக்னரும் ஃபிஷரும் சொற்பிழை திருத்தத்திற்கு ஏற்ற வடிவத்தைத் தந்தனர்.

தம் முறையின் குறையையும் பெல்மன் மறைக்கவில்லை. மாறிகள் பெருகப் பெருக அட்டவணை கட்டுக்கடங்காமல் வளரும். அதற்குப் பரிமாணச் சாபம் எனப் பெயரிட்டவரும் அவரே.

1965இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கணிதம், மின்பொறியியல், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளுக்கும் பேராசிரியரானார். 1973இல் அவருடைய மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சையில் கட்டி அகற்றப்பட்டாலும், அதன்பின் ஏற்பட்ட சிக்கல்களால் உடல் பெரிதும் செயலிழந்தது. எழுதுகோலே உலகம் என வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடப் பேரிடி வேறென்ன? ஆனாலும் அவர் ஓயவில்லை. அந்நிலையிலும் சுமார் 100 ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1979இல் மின்பொறியாளர்களின் ஐ.இ.இ.இ. அமைப்பு தன் உயரிய பதக்கத்தை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. 1984ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

சிறுகக் கட்டிப் பெருக வாழச் சொன்னார்கள் நம் முன்னோர். பெரிய சிக்கலைக் கண்டு மலைக்காமல், இன்று தீர்க்கக்கூடிய சிறு பகுதியைத் தீர்த்து, அதன்மீது நாளையதைக் கட்டியவர் பெல்மன். நோயுற்ற பின்னும் அவர் வாழ்ந்தது அப்படித்தான். தேர்வு, ஆய்வேடு எனத் திணறும் மாணவ நண்பர்களே, நாமும் இன்றைய ஒரு கட்டத்தை நிரப்பத் தொடங்குவோமே!