தபால் அதிபர் கைக்கு வந்த கடிதங்கள்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் பட்டமும் இடிதாங்கியும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அவருக்குச் சோறு போட்டது அச்சுத் தொழில். பாஸ்டனில் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகனாக 1706-ல் பிறந்தவர், 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 23 வயதில் பிலடெல்பியாவில் சொந்தப் பத்திரிகையே நடத்தினார். 1753-ல் பிரிட்டிஷ் அரசு அவரை அமெரிக்கக் குடியேற்றங்களின் துணைத் தபால் அதிபர்கள் இருவரில் ஒருவராக நியமித்தது. ஒருவர் கடிதம் இன்னொருவர் கையில் சிக்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதன் அருமை, ஊர்க் கடிதத்துக்காகத் தபால்காரர் வழியைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தபால் அதிபரிடமே 1772-ல் பிறருடைய கடிதக் கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. அப்போது அவர் லண்டனில் மாசசூசெட்ஸ் சட்டசபையின் பிரதிநிதி. அந்த மாகாண கவர்னர் ஹட்சின்சனும் துணை கவர்னர் ஆலிவரும் சில ஆண்டுகளுக்கு முன் தாமஸ் வேட்லி என்ற பார்லிமெண்ட் உறுப்பினருக்கு எழுதியவை அவை. வேட்லி அப்போது உயிரோடு இல்லை. குடியேற்ற மக்களின் உரிமைகளைக் கொஞ்சம் குறைத்தால்தான் சரிப்படும் என்று ஹட்சின்சன் எழுதியிருந்தார்.

பிராங்க்ளின் கட்டைப் பாஸ்டனுக்கு அனுப்பினார். முக்கியமான சிலர் மட்டும் படிக்கலாம். நகல் எடுக்கக் கூடாது, அச்சிடவும் கூடாது என்பது நிபந்தனை. அச்சுக்கூடத்திலேயே வளர்ந்தவர் இதை நம்பினார் என்பதுதான் வேடிக்கை! 1773 ஜூனில் சட்டசபையில் கடிதங்கள் வாசிக்கப்பட்டன; சில நாளில் அச்சிலும் வந்துவிட்டன. இருவரையும் பதவியிலிருந்து நீக்கும்படி சட்டசபை மன்னருக்கு மனுப் போட்டது.

லண்டனில் பழி வேறு இடத்தில் விழுந்தது. கடிதங்களைத் திருடியது யார் என்ற தகராறில் வேட்லியின் தம்பியும் ஜான் டெம்பிள் என்பவரும் டிசம்பரில் ஹைட் பார்க்கில் சண்டையிட்டார்கள். தம்பிக்குக் காயம். மீண்டும் மோதல் வரும் போலிருக்கவே, கடிதங்களைப் பெற்றதும் அனுப்பியதும் தானே என்று பிராங்க்ளின் பத்திரிகையில் அறிவித்தார். பொதுப் பதவியில் இருந்தவர்கள் பொது விஷயம் பற்றி எழுதியவை தனிக் கடிதம் ஆகாது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு, ஓட்டையும் உண்டு. கடிதங்கள் எழுதப்பட்டபோது வேட்லி அரசுப் பதவி எதிலும் இல்லை. பொதுச் சொத்து என்றால், அச்சிடாதே என்று தடை போட்டது எதற்கு?

1774 ஜனவரி 29-ல் மன்னரின் ஆலோசனை சபை மனுவை விசாரித்தது. அரசு வக்கீல் வெடர்பர்ன் சுமார் ஒரு மணி நேரம் பிராங்க்ளினைத் திருடன் என்ற பாணியில் சாடினார். பிரபுக்கள் சிரித்தார்கள். 68 வயதுக்காரர் முகம் மாறாமல் நின்றுகொண்டிருந்தார். மனு தள்ளுபடியானது. இரண்டொரு நாளில் தபால் உத்தியோகமும் பறிபோயிற்று.

மறு ஆண்டு, கிளர்ச்சி செய்த அமெரிக்கர்கள் தங்கள் தபால் இலாகாவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். கடிதங்களை அவரிடம் கொடுத்தது யார் என்பதை 1790-ல் கண் மூடும் வரை அவர் வெளியிடவே இல்லை.