ஹைதர் அலி: வெடிமருந்து நடுவே வளர்ந்த பிள்ளை

கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி வழியாக எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம் வந்துவிடும். அங்கே பூதிகோட்டை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1720ஆம் ஆண்டையொட்டி பிறந்தது அந்த ஊரில்தான். திப்பு சுல்தானின் தந்தை என்ற அளவில்தான் நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். சையத் பாஷா மலையிலுள்ள கிருஷ்ணகிரிக் கோட்டையும், ஓசூரும், பாகலூரும் அவருடைய வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் ஊர்க்காரர் என்றே சொல்லிவிடலாம்.

அவருடைய தந்தை ஃபத்ஹ் முஹம்மத், ஆற்காடு நவாபிடம் 50 ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்து ராக்கெட் என்பது மூங்கிலில் கட்டிய வாணம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துக் குழலில் அடைத்து எதிரிப் படையின் மீது விடுவார்கள். ஆக, பிறந்த வீட்டிலேயே வெடிமருந்து வாசனை.

அந்த வீடு நெடுநாள் நிலைக்கவில்லை. ஹைதர் சிறுவனாக இருந்தபோதே தந்தை போரில் இறந்தார். கடனுக்காகக் குடும்பத்தைப் பிடித்துவைத்து, ஹைதரையும் அண்ணன் ஷாபாஸையும் பெரிய முரசுக்குள் அடைத்து வாட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். உறவினர் ஒருவர் பணம் கட்டி மீட்டார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டதை மறக்காத நினைவாற்றல் மட்டும் இருந்தது. பிற்காலத்தில் அரசுக் கணக்குகளைக் கூட வாய்மொழியாகக் கேட்டே பிழை கண்டுபிடிப்பாராம்.

1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிவால் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டார். 1755இல் திண்டுக்கல்லுக்கு ஃபவ்ஜ்தாராக அனுப்பப்பட்டார். என் பார்வையில் அவருடைய வாழ்க்கை திரும்பியது அங்கேதான். பிரெஞ்சு கைவினைஞர்களைக் கூலிக்கு அமர்த்தி, பீரங்கிப் பட்டறையும் வெடிமருந்து தயாரிக்கும் கூடமும் திண்டுக்கல்லில் அமைத்தார். வாணவேடிக்கைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் செய்துவந்த வேலை, அளவும் கட்டுப்பாடும் உள்ள தொழிலாக மாறத் தொடங்கியது.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கலவையின் குணம் அப்படி. வெடியுப்பு தனியாக இருந்தால் எரியாது. கரி மெதுவாகக் கனன்று எரியும். கந்தகம் நீலச்சுடரோடு எரிந்து மூச்சை முட்டவைக்கும் புகையைத் தரும். மூன்றும் நுண்ணிய பொடியாகிக் கலந்தபின் நிலைமை வேறு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே உள்ளிருந்து கொடுத்துவிடுவதால், வெளிக்காற்று தேவையில்லை. மண்ணையோ சாக்கையோ போட்டு மூடியும் அணைக்க முடியாது. ஒரு பொறி போதும். அதனால்தான் பழைய மருந்து ஆலைகளில் இரும்புக் கருவியை உள்ளே விடமாட்டார்கள். மரமும் செம்பும்தான். ஆணி அடித்த செருப்புக்கும் அனுமதி இல்லை. ஆலையையே குடியிருப்புக்குத் தூரமாக, சிறு சிறு கூடங்களாகப் பிரித்துக் கட்டுவார்கள். ஒன்று போனாலும் மற்றது மிஞ்சட்டும் என்ற கணக்கு அது.

மைசூர் ராக்கெட்டின் புதுமை மருந்தில் இல்லை, குழலில் இருந்தது. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கியது. அழுத்தம் கூடினால் வேகமும் தூரமும் கூடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல், சில 2 கிலோமீட்டர் வரையிலும் போயின. ஆனால் இரும்புத் தகட்டின் ஒட்டில் சிறு விரிசல் இருந்தால், அதே குழல் ஏவுபவரின் கையருகே குண்டாக வெடிக்கும். காகித வாணம் வெடித்தால் கை சுடும். இரும்பு வெடித்தால் துண்டுகள் பறக்கும். ஹைதரின் படையில் சுமார் 1,200 ராக்கெட் வீரர்கள் இருந்தார்கள் என்கிறார்கள். அத்தனை பேரும் இந்த ஆபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள்தாம்.

1761இல் மைசூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1763இல் பெத்னூரைப் பிடித்தார். இன்றைய ஷிவமொக்கா மாவட்டத்து நகரா அது. 1767இல் ஆங்கிலேயருடன் முதல் போர் தொடங்கியபோது நம் பாராமஹால் பகுதிதான் களம். செங்கம், திருவண்ணாமலை என்று மோதல் நீண்டது. கிருஷ்ணகிரிக் கோட்டை முற்றுகைக்குப் பின் 1768இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஓசூரும் போயிற்று. அந்த நவம்பரில் ஹைதர் ஓசூரை வளைத்தார். கர்னல் வுட் தன் கனத்த பீரங்கிகளையும் சாமான்களையும் பாகலூரில் வைத்துவிட்டு ஓசூரைக் காப்பாற்ற விரைந்தார். ஹைதரோ சுற்றிவந்து பாகலூரையே அடித்துப் பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சென்னை வாசல்வரை போய் உடன்படிக்கை செய்யவைத்தார்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சிக்கியது. சண்டையின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதைக் கொளுத்தியது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும், பெய்லியின் படையை முடித்தது அவர்களே கொண்டுவந்த மருந்து. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இதே விதி மைசூருக்கும் வந்தது. 1799 மே மாதத் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் இருந்த ராக்கெட் கிடங்கில் ஆங்கிலேயரின் குண்டு விழுந்து, கரும்புகை வானுக்கு எழுந்தது. யார் பக்கம் நியாயம் என்று மருந்து பார்ப்பதில்லை.

இன்று நம் வீட்டுப் பையன்கள் கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, மாடியில் எதையாவது கலந்து பார்க்கிறார்கள். பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஹைதர் காலத்து மருந்தைவிட இது கொடியது என்பது பலருக்குத் தெரியாது. அவர் இறந்த சில ஆண்டுகளில் பிரான்சில் குளோரேட் என்ற உப்பு கண்டுபிடிக்கப்பட்டது. 1788இல் அதை வைத்து வெடிமருந்து செய்து பார்த்த முதல் முயற்சியிலேயே இருவர் உயிர் போயிற்று. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் தேய்த்தாலே, சில வேளை சும்மா கிடந்தாலே தீப்பற்றும். அதனால் அந்தக் கலவையைப் பட்டாசில் சேர்ப்பதை நம் நாட்டில் 1992லேயே தடை செய்துவிட்டார்கள். பட்டாசுத் தொழிலாளிக்கே கூடாதென்று விதித்ததை ஒரு பள்ளி மாணவன் சமையல் கிண்ணத்தில் செய்யலாமா?

2023ஐ நாம் மறந்துவிடவில்லை. ஜூலை 29இல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அக்டோபர் 7இல் ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது அன்றே 14 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தீபாவளி விற்பனைக்காகத் தமிழகத்திலிருந்து கூலிக்கு வந்த இளைஞர்கள். அந்த வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கிறது?

ஹைதர் போர்க்களத்தில் இறக்கவில்லை. முதுகில் கிளம்பிய கட்டி அவரை வாட்டியது. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே பாசறையில் உயிர் பிரிந்தது. திப்பு அப்போது மலபார் பக்கம் இருந்தார். செய்தி தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று அமைச்சர்கள் மரணத்தை மறைத்தார்கள். உடலை நறுமணப் பொருட்களோடு பெட்டியில் வைத்து, பொக்கிஷம் அனுப்புவது போலக் காவலோடு அனுப்பினார்கள்.

அந்தப் பெட்டி முதலில் போனது கோலாருக்கு. அங்குள்ள மக்பராவில், 50 ராக்கெட் வீரர்களின் தலைவராக இருந்த ஃபத்ஹ் முஹம்மதின் அருகே மகனைத் தற்காலிகமாக வைத்தார்கள். பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எடுத்துச் சென்று, திப்பு கட்டிய கும்பஸில் அடக்கம் செய்தார்கள். 2018இல் நகராவில் வறண்ட கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் சேற்றுக்குள்ளிருந்து வெளிவந்தன. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றுக்குள் மருந்து இருந்தது.