கடன் தீர்த்த வழக்கறிஞர்

கொலை, சதி, ராஜத்துரோகம் போன்ற கொடிய குற்றங்கள் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஒருவர் தர்ம வழியில் நிற்க முடியுமா? வழக்கறிஞர் தொழில் செய்யும் அன்பர்கள் பலர் துறவிகளிடம் கேட்கும் கேள்வி இது. கசாப்புக் கடையில் அமர்ந்தபடியே ஞானம் பெற்ற தர்மவியாதரின் கதையை சுவாமி விவேகானந்தர் தமது கர்மயோகச் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்துள்ளார். செய்யும் தொழில் அல்ல, அதைச் செய்யும் மனமே ஒருவரை உயர்த்துகிறது என்பது அதன் சாரம். இவ்வுண்மைக்கு விளக்கமாக வாழ்ந்தவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்.

தந்தையின் கடன்

சித்தரஞ்சன் 1870 நவம்பர் 5 அன்று கல்கத்தாவில் பிறந்தார். பூர்வீகம் கிழக்கு வங்கத்தின் விக்கிரமபுரி. தந்தை புவன் மோகன் தாஸ் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அட்டர்னி. பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சித்தரஞ்சன், ஐ.சி.எஸ். தேர்வுக்காக இங்கிலாந்து சென்றார். அதில் வெற்றி கிட்டவில்லை. எனவே சட்டம் பயின்று, பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார்.

தொடக்க ஆண்டுகள் கடினமானவை. தந்தை தாராள மனம் படைத்தவர். வரவை மீறிச் செலவும் தர்மமும் செய்து பெருங்கடனில் ஆழ்ந்தார். மகனும் அக்கடனுக்குப் பொறுப்பேற்றார். 1906-இல் இருவரும் திவாலானவர்களாக அறிவிக்கப்பட்டனர். அதன் பிறகு கடன்காரர்கள் அவரைச் சட்டத்தின் மூலம் நெருக்க வழியில்லை. ஆயினும் அவரது மனசாட்சி அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை.

அலிப்பூர் வழக்கு

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில், கிங்ஸ்ஃபோர்டு என்ற நீதிபதியைக் குறிவைத்து வீசப்பட்ட வெடிகுண்டு, குற்றமற்ற இரண்டு ஆங்கிலேயப் பெண்மணிகளைக் கொன்றது. இரண்டு நாட்களில் கல்கத்தாவின் மாணிக்தலா தோட்டத்தில் போலீசார் சோதனையிட்டு வெடிகுண்டுகளைக் கைப்பற்றினர். பாரிந்திர குமார் கோஷும் தோழர்களும் கைதாயினர். பாரிந்திரரின் அண்ணன் ஸ்ரீ அரவிந்தரும் சதியின் தலைவர் என்று கருதப்பட்டுக் கைது செய்யப்பட்டார்.

அரசுத் தரப்பில் சென்னையின் புகழ்பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் வாதாடினார். நீதிபதி பீச்கிராஃப்ட், ஐ.சி.எஸ். தேர்வில் ஸ்ரீ அரவிந்தருடன் எழுதியவர். கிரேக்க மொழியில் அரவிந்தருக்கு அடுத்த இடம் பெற்றவர். சாட்சிகள் 206 பேர். ஆவணங்கள் ஏறத்தாழ 4,000. அரவிந்தருக்காகத் திரட்டப்பட்ட நிதி விரைவில் கரைந்தது. அந்நிலையில்தான் சித்தரஞ்சன் வழக்கை ஏற்றார். தாமே கடனில் இருந்த அவர், வருவாய் தரும் பிற வழக்குகளை ஒதுக்கி வைத்து, மாதக்கணக்கில் இரவும் பகலும் இந்த வழக்கிலேயே மூழ்கினார்.

குண்டு வீச்சை அவர் நியாயப்படுத்தவில்லை. ஒருவர்மீது சாட்டப்பட்ட குற்றம் அவரளவில் நிரூபிக்கப்பட வேண்டும். தம்பி செய்ததற்கு அண்ணன் பொறுப்பாக மாட்டார் என்பதே அவரது நிலை. அப்ரூவராக மாறிய நரேந்திர கோசாயி சிறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதால், குறுக்கு விசாரணைக்கு உட்படாத அவரது வாக்குமூலம் சாட்சியமாகவில்லை. தம்பி அண்ணனுக்கு எழுதியதாக அரசு காட்டிய ஒரு கடிதம் போலியானது என்று சித்தரஞ்சன் வாதிட்டார். நீதிபதியும் அதை ஐயத்துடனேயே நோக்கினார்.

அரவிந்தர் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் நீதிமன்றத்துக்கு வந்தன. தம்மிடமுள்ள செல்வம் இறைவனுடையது, இறைவனை நேருக்கு நேர் காண வேண்டும், தேசம் வெறும் நிலமல்ல, தாய் என்ற தமது மூன்று பித்துகளை அவற்றில் அவர் விவரித்திருந்தார். சதிகாரர் என்று சொல்லப்பட்டவரிடம் ஆன்ம சாதகரைக் காணுமாறு சித்தரஞ்சன் வேண்டினார். அவரது நிறைவுரை பல நாட்கள் நீண்டது. அரவிந்தர் இந்த நீதிமன்றத்தின் முன் மட்டுமல்ல, வரலாற்றின் முன்னும் நிற்கிறார் என்ற கருத்துடன் அதை முடித்தார்.

1909 மே 6 அன்று ஸ்ரீ அரவிந்தர் விடுதலையானார். பாரிந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்துக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் சித்தரஞ்சன் வாதாடினார். அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட, இருவரும் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். சித்தரஞ்சனின் உடல்நலம் இவ்வழக்கினால் குலைந்தது. விடுதலைக்குப் பின் உத்தரபாராவில் உரையாற்றிய அரவிந்தர், வழக்கறிஞருக்காகத் தாம் எழுதிவந்த குறிப்புகளை விட்டுவிடுமாறு உள்ளிருந்து ஆணை எழுந்ததையும், நாராயணனே சித்தரஞ்சனை அனுப்பியதாகத் தாம் உணர்ந்ததையும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

சட்டம் கேளாத கடன்

அலிப்பூர் வழக்கு அவரைக் குற்றவியல் வழக்கறிஞர்களின் முன்வரிசையில் நிறுத்தியது. டாக்கா சதி வழக்கு முதலிய பெரும் வழக்குகள் அவரிடம் வந்தன, பொருளும் குவிந்தது. 1913-இல், யாரும் வற்புறுத்தாமலேயே நீதிமன்றத்தை நாடி, பழைய கடன்களை முழுவதும் அடைத்துத் திவால் அறிவிப்பை நீக்கிக்கொண்டார். நீதிமன்றத்தில் அரிதாகவே காணக்கூடிய இச்செயலை நீதிபதி பாராட்டினார்.

1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரஸ் ஒத்துழையாமைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த சில வாரங்களில் சித்தரஞ்சன் தம் தொழிலை முற்றிலும் துறந்தார். பிறரைச் சிறையிலிருந்து மீட்டவர், 1921 டிசம்பரில் தாமே சிறை புகுந்தார். 1923-இல் புதுச்சேரி சென்று ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார். 1924-இல் கல்கத்தாவின் முதல் மேயரானார். தமது இல்லத்தையும் பொதுநலனுக்காக அளித்தார். 1925 ஜூன் 16 அன்று டார்ஜிலிங்கில் அவர் மறைந்தபின், அந்த இல்லத்தில் பெண்களுக்கான மருத்துவமனையாகச் சித்தரஞ்சன் சேவா சதனம் எழுந்தது.

செல்வம் இறைவனுடையது என்பது அவர் பாதுகாக்க முன்வந்தவரின் கடிதத்தில் இருந்த கருத்து. அதைத் தம் வாழ்வில் அவர் நடத்திக் காட்டினார். தமிழில் கடன் என்ற சொல்லுக்குத் திருப்பித் தர வேண்டிய பொருள் என்றும், செய்ய வேண்டிய கடமை என்றும் இரு பொருள்கள் உண்டு. தந்தைக்கும், தம்மை நம்பி வந்தவர்களுக்கும், தாய்நாட்டுக்கும் பட்ட கடன்களைச் சித்தரஞ்சன் தீர்த்தார். நீதிமன்றமோ, அலுவலகமோ, கடைவீதியோ, நாம் எங்கிருந்தாலும் நமக்குரிய கடனைப் பயன் கருதாமல் ஆற்றும் வலிமையை இறைவன் நமக்கு அருள்வாராக!