ஒரே முகம், இரண்டு மனிதர்கள்!

ஒரே நடிகர் அண்ணனாகவும் தம்பியாகவும் வந்து, எதிரெதிரே நின்று பேசும் காட்சியைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறீர்களா? இன்று கோவிலம்பாக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளி மாணவர்கூட, வீட்டுக் கணினியில் 'மாஸ்க்' போட்டு இந்த வித்தையைச் செய்துவிடலாம். ஆனால், கணினியே இல்லாத 1940-ல் தமிழ் சினிமாவுக்கு இரட்டை வேடத்தைக் கொண்டு வந்தார் ஒருவர். அவர்தான் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' டி.ஆர்.சுந்தரம்.

1907-ல் பிறந்தவர் சுந்தரம். சொந்த ஊர் திருச்செங்கோடு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். படித்தது துணி, பிடித்தது சினிமா!

அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறினார்கள். சுந்தரமோ, ஏற்காடு மலையடிவாரத்தில், சேலத்திலேயே ஸ்டூடியோ கட்டினார். படப்பிடிப்புத் தளம், ஃபிலிம் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில்! 1937-ல் முதல் படமான 'சதி அகல்யா' வந்தது. அடுத்த ஆண்டே, மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கே உருவானது.

1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தை சுந்தரம் தானே இயக்கினார். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய படம் அது. ஒரே முகம் கொண்ட இரண்டு சகோதரர்கள்! இரண்டு பேராகவும் நடித்தவர் பி.யு.சின்னப்பா. தமிழின் முதல் இரட்டை வேடப் படம் இதுதான்.

இருக்கும் ஆளோ ஒருவர். திரையில் எப்படி இருவர் ஆவார்? அதற்கு அந்தக் கால ஒளிப்பதிவாளர்கள் கையாண்ட வழிதான் 'மாஸ்க் ஷாட்'. மாஸ்க் என்றால் முகமூடி அல்லவா? இது கேமராவுக்குப் போடும் முகமூடி!

ஒரு தாளின் வலது பாதியைக் கருப்பு அட்டையால் மூடிவிட்டு, இடது பாதியில் படம் வரைகிறீர்கள். பிறகு அட்டையை இடப்பக்கம் மாற்றி வைத்து, வலது பாதியில் வரைகிறீர்கள். அட்டையை எடுத்தால் ஒரே முழுப் படம்! கேமராவிலும் அப்படித்தான். லென்ஸின் ஒரு பாதியைக் கருப்புத் தகட்டால் மறைத்து, நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறைத்த பக்கத்து ஃபிலிமில் வெளிச்சம் படாது. பிறகு அதே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, வேடம் மாற்றிய அதே நடிகரை எதிர்ப்பக்கம் நிறுத்தி எடுப்பார்கள்.

கேட்க எளிதுதான். ஆனால், நடிகர் வேடம் மாற்றி வரும்வரை கேமரா ஒரு நூல்கூட அசையக் கூடாது. விளக்கு வெளிச்சம் மாறக் கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டினால் கை காணாமல் போய்விடும்! எதிரே ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து, சரியான நேரத்தில் பேச வேண்டும். இரண்டாம் முறை தவறினால், முதலில் நன்றாக எடுத்த பாதியும் சேர்ந்து வீணாகும்.

இப்படிப்பட்ட வேலைக்குக் கண்டிப்பு வேண்டும். சுந்தரம் அதற்குப் பெயர் போனவர். எவ்வளவு பெரிய நடிகரானாலும் குறித்த நேரத்துக்கு வந்தாக வேண்டும். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் 'முதலாளி'. அவர் 1956-ல் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். 1963-ல் சுந்தரம் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது.

கருப்புத் தகட்டின் வேலையை இன்று ஒரு சின்னப் படம் செய்கிறது. நீங்களும் செய்து பாருங்களேன்! பெரியவர்களிடம் கேட்டு செல்போனை வாங்கி, அசையாமல் நிறுத்துங்கள். முதலில் இடப்பக்கம் நின்று ஒரு வீடியோ. பிறகு வலப்பக்கம் நின்று இன்னொன்று. எடிட்டிங் மென்பொருளில் முதல் வீடியோவைக் கீழேயும், இரண்டாவதை மேலேயும் அடுக்குங்கள். இடது பாதி கருப்பு, வலது பாதி வெள்ளையாக ஒரு படம் வரைந்து, அதை மேல் வீடியோவுக்கு மாஸ்க்காகக் கொடுங்கள். வெள்ளை இருக்கும் இடத்தில் மேல் வீடியோ தெரியும். கருப்பு இருக்கும் இடத்தில் அது மறைந்து, கீழே உள்ளது தெரியும். இரண்டு 'நீங்கள்' தயார்! கருப்பும் வெள்ளையும் சேரும் இடத்தைக் கொஞ்சம் சாம்பல் நிறமாக்கினால் கோடு தெரியாது. நடுவில் திரைச்சீலை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை சரியாக வரவில்லையா? கவலை வேண்டாம், உடனே அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். சுந்தரத்தின் காலத்தில் ஃபிலிமைக் கழுவிப் பார்த்த பிறகுதான் தப்பே தெரியும்!