இன்ஜினைக் காப்பாற்றிய பித்தளை வளையம்: யார் இந்த பீட்ரிஸ் ஷில்லிங்?

பிரிட்டன் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் (1909–1990) ஒரு பைக் பைத்தியம். 1934-ல் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டனை மணிக்கு 106 மைல் வேகத்தில் விரட்டியவர்.

போர் வந்ததும் ஒரு சிக்கல். ஸ்பிட்ஃபயர் விமானம் சட்டென மூக்கைக் கீழே இறக்கினால் மெர்லின் இன்ஜின் திணறும். பின்னால் எதிரி இருந்தால் விமானியின் கதி?

பெட்ரோல் வரலைன்னுதான் யாருக்கும் தோணும். முதல் விக்கலுக்குக் காரணம் அதுதான். ஆனா, இன்ஜினை அணைத்தது அடுத்து நடந்த கூத்து: கார்புரேட்டரின் மிதவை கீழே போய், வால்வு முழுசா திறந்து, பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்தது.

ஷில்லிங் செய்தது ரொம்ப எளிது. இன்ஜினுக்கு உச்சபட்சம் தேவைப்படும் அளவு மட்டும் போகும்படி, துளையிட்ட சின்ன பித்தளை வளையத்தை எரிபொருள் பாதையில் வைத்தார். 1941-ல் குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் மாட்டினார். 1943-ல் புதுவகை கார்புரேட்டர் வரும்வரை அதுதான் தாக்குப்பிடித்தது.

போருக்குப் பிறகு, கார் பந்தயத்தில் இறங்கிவிட்டார்.